பூட்டிக் கிடக்கும் அலைகள்

அலைக்கற்றை என்றால் நம் நாட்டில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவன இரண்டு: ஊழல் வழக்கு, ஏலம். 2012 பிப்ரவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்ததும், அதன்பின் கோடிக்கணக்கில் நடந்த ஏலங்களும் பொதுமனத்தில் ஒரு கருத்தை அழுத்தமாகப் பதித்துவிட்டன. அலைக்கற்றை மிக அரிதான பொருள். அதிக விலை கொடுப்பவருக்கே அது போய்ச் சேர வேண்டும் என்பது அந்தக் கருத்து. இதன் முதல் பாதியையாவது கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை அரசு 2016-இல் ஏலத்துக்கு வைத்தபோது, நாடு முழுமைக்கும் மெகாஹெர்ட்ஸ் ஒன்றின் அடிப்படை விலை ரூ.11,485 கோடி. ஒருவரும் கேட்கவில்லை. 2021-இல் விலை ரூ.6,568 கோடியாக இறங்கியது, அப்போதும் ஆளில்லை. 2022-இல் ரூ.3,927 கோடி என்று ஆன பிறகுதான் ஜியோ நிறுவனம் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. அதே ஏலத்தில் 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையை யாரும் தொடவே இல்லை. 2024 ஏலத்தில் ரூ.96,000 கோடிக்கு மேல் மதிப்பிட்டு வைத்த அலைக்கற்றையில் விலைபோனது சுமார் ரூ.11,340 கோடிக்குத்தான். மற்றதெல்லாம் சும்மா கிடக்கிறது. நேற்று பயன்படாமல் போன அலைக்கற்றையை எடுத்துவைத்து இன்று சேர்த்துப் பயன்படுத்த முடியாது. அது போனது போனதுதான். ஆகவே நமக்கு இருப்பது அலைப் பஞ்சம் அல்ல, அனுமதிப் பஞ்சம்.

கோட்டையூரில் இருப்பவர்களுக்கு இந்த நிலையை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். வள்ளல் அழகப்பர் பிறந்த அந்த ஊரிலும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடுகள் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே இருக்கின்றன. வீடு பங்காளிகள் பலருக்குச் சொந்தம்; அவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், சாந்தி என்றால் கதவு திறக்கும், வளவு நிறையும், நாலு நாளில் மறுபடி பூட்டு. வீட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் ஆள் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அலைக்கற்றையில் பெரும்பகுதியின் நிலை இதுவே. ஒதுக்கீட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பெயர் இருக்கும், காற்றில் அந்தப் பெயருக்குரியவரின் குரல் இருக்காது. உரியவர் இல்லாத நேரத்தில் இன்னொருவர் தங்கிவிட்டு, அவர் கார் வாசலில் வந்து நிற்பதற்குள் சுவடே இல்லாமல் வெளியேறிவிடுவார் என்றால் உரியவருக்கு என்ன நட்டம்? வீட்டு விஷயத்தில் இது கதைக்கு உதவாது. குடிவந்தவரை எழுப்ப நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். ரேடியோவில் இது நடக்கும். அதற்கான சர்வதேசத் தரம் ஒன்று வெளியேறக் கொடுக்கும் அவகாசத்தை விநாடிக் கணக்கில் வைத்திருக்கிறது.

இப்படிக் காலி இடத்தில் தங்கி, உரியவர் வந்ததும் விலகும் கருவிகளுக்கு காக்னிட்டிவ் ரேடியோ என்று பெயர். 1999-இல் ஜோசப் மிட்டோலா, ஜெரால்ட் மக்வயர் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் இந்தக் கருத்து வடிவம் பெற்றது. வழக்கமான ரேடியோவுக்கு ஓர் அதிர்வெண்ணைக் கொடுத்துவிட்டால் அதிலேயே இருக்கும். சுற்றிலும் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. இது அப்படியல்ல. முதலில் காது கொடுத்துக் கேட்கும். எந்த அலைவரிசை காலி என்று கண்டுபிடிக்கும். தன் அதிர்வெண்ணையும் பேசும் வலிமையையும் அதற்கேற்ப வைத்துக்கொண்டு பேசும். உரியவர் வந்துவிட்டால் வேறு அலைவரிசைக்குத் தாவும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2008 நவம்பர் 4-ஆம் தேதி, டி.வி. நிலையங்களுக்கு இடையே காலியாகக் கிடக்கும் அலைவரிசைகளை இத்தகைய கருவிகளுக்குத் திறந்துவிட்டது. வயர்லெஸ் மைக் கெட்டுப்போகும் என்று பாடகி டாலி பார்ட்டன்கூட எதிர்த்துக் கடிதம் எழுதினார். இருந்தும் 2012 ஜனவரியில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் அந்தச் சேவை தொடங்கிற்று. சிங்கப்பூர் 2014-இல் தனக்கான விதிகளை வகுத்தது.

இந்தியாவில் இதற்கான சான்று இன்னும் வலுவானது. மும்பை ஐ.ஐ.டி.யில் அபய் கரண்டிகரும் அவருடைய குழுவினரும் தூர்தர்ஷனின் ஒளிபரப்புக் கோபுரங்களைக் கணக்கெடுத்தார்கள். அப்போது நாட்டில் இருந்த சுமார் 1,400 கோபுரங்களில் 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையிலான யு.எச்.எஃப். பட்டையில் இயங்கியவை 373 மட்டுமே. அந்தப் பட்டையில் தலா 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 15 அலைவரிசைகள் உண்டு. நாட்டின் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் குறைந்தது 12 அலைவரிசைகள் காலியாக இருப்பதை 2014-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் டி.வி. நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க, அவற்றுக்கு நடுவே இடுக்கு தேடினார்கள். இங்கோ இடுக்குதான் டி.வி., மற்றதெல்லாம் வெளி. அதே குழு மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் பரிசோதனை உரிமம் பெற்று, சிற்றூர்களுக்கு இந்த வெற்று அலைவரிசைகள் வழியாக இணையம் கொடுத்துக் காட்டியது. அதன்பின் நிலைமை மேலும் மாறிவிட்டது. பழைய அனலாக் ஒளிபரப்பு முறையைப் பிரசார் பாரதி கைவிட்டு, கேந்திர முக்கியத்துவம் கொண்ட 50 இடங்கள் போக மற்ற கோபுரங்களை நிறுத்தும் திட்டத்தை 2021-இல் அறிவித்தது. அந்த ஆய்வு நடந்தபோது காலி என்று சொன்னது இன்று கிட்டத்தட்ட வெறிச்சோடிக் கிடக்கிறது.

இந்தப் பட்டை ஏன் முக்கியம்? அதிர்வெண் குறையக் குறைய அலை தூரம் போகும். மரத்தையும் மேட்டையும் சுற்றி வளைந்து போகும். சுவரைத் தாண்டி உள்ளேயும் வரும். வீட்டு வை-ஃபை பயன்படுத்தும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை, செட்டிநாட்டு வீட்டின் முழங்கை அகலச் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 500 மெகாஹெர்ட்ஸ் அலை அவ்வளவு சுலபத்தில் விடாது. ஐ.இ.இ.இ. அமைப்பு 2011-இல் வெளியிட்ட 802.22 என்ற தரம் ஒரே கோபுரத்திலிருந்து 30 கிலோமீட்டர் வரை ஊரகப் பகுதிகளுக்குச் சேவை தரும் நோக்கில் எழுதப்பட்டது. தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் சுமார் 12,500 ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழைக் கம்பி கொண்டுபோகும் பணியில் இருக்கிறது. கம்பி ஊராட்சி அலுவலகம் வரை வந்துவிடும். அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்புக்கு என்ன வழி? பத்து வீட்டுக்காகத் தனிக் கம்பி பதிக்க எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. விடுபட்ட அந்த நாலு கிலோமீட்டருக்குப் பொருத்தமான அலைதான் சும்மா கிடக்கிறது.

இனி, குறுக்கீடு என்ற பெரிய கேள்வி. காலி என்று கருவி சொல்வதை எப்படி நம்புவது? ரேடியோவின் தர்மசங்கடம் இதுதான்: பேசுபவரைக் கேட்க முடியும், கேட்பவரைக் கேட்க முடியாது. ஒரு வீட்டு மாடியில் உயரமான ஆன்டெனா கட்டி தூரத்து டி.வி. நிலையத்தைப் பார்க்கிறார் ஒருவர். பக்கத்துத் தெருவில் தரைமட்டத்தில், தடித்த சுவருக்குள் இருக்கும் புதுக் கருவிக்கு அந்த நிலையம் கேட்கவில்லை. காலி என்று நினைத்துப் பேசத் தொடங்கும். மாடிக்காரரின் படம் கலையும். இதற்காகத்தான் அமெரிக்க விதிகள் கருவியின் காதை அசாத்தியக் கூர்மைக்குக் கொண்டுபோயின. டி.வி. அலையின் வலிமை மைனஸ் 114 டி.பி.எம். அளவில் இருந்தாலும் அதை உணர வேண்டும் என்றார்கள். ஒரு வாட்டை இரண்டரைக் கோடிக் கோடிப் பங்காகப் பிரித்து அதில் ஒரு பங்கு. அவ்வளவுதான் அந்த அலையின் சக்தி. சாதாரண டி.வி. பெட்டிக்குப் படம் காட்டவே அதைப் போலப் பல மடங்கு வேண்டும். பெட்டிக்குக் கேட்காததும் கருவிக்குக் கேட்க வேண்டும் என்பதே இதன் கணக்கு. இதற்கு ஒரு விலை உண்டு. காது கூர்மையாக ஆக, வெறும் இரைச்சலையும் ஆள் வந்துவிட்டதாக எண்ணிக் கருவி மிரளும். காலி இடமும் வீணாகும். காதை மழுக்கினால் உரியவருக்குத் தொல்லை. இரண்டுக்கும் நடுவே எந்த இடத்தில் நிற்பது என்பது பொறியியல் கேள்வி மட்டும் அல்ல, யாருடைய உரிமைக்கு எவ்வளவு மதிப்பு என்ற கேள்வியும்கூட.

காதை மட்டும் நம்பினால் போதாது என்பதை அமெரிக்க ஆணையமே இரண்டு ஆண்டுகளில் உணர்ந்தது. 2010-இல் விதியை மாற்றி, தன் இருப்பிடத்தை அறிந்து ஒரு தரவுத்தளத்தைக் கேட்டுப் பேசும் கருவிகளுக்குக் காது கட்டாயம் இல்லை என்றது. எந்தக் கோபுரம் எங்கே, எவ்வளவு உயரம், எவ்வளவு சக்தி என்ற விவரங்களிலிருந்து அதன் ஒளிபரப்பு எட்டும் எல்லையைக் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். கருவி தன் இடத்தைச் சொன்னால் பயன்படுத்தத் தகுந்த அலைவரிசைகளின் பட்டியல் வரும். என் கருத்தில் இந்தியாவுக்குத் தரவுத்தளமே முதல் தூண். கோபுரங்கள் குறைவு, அவை ஒரே அமைப்பின் கையில் இருப்பவை, பட்டியல் போடுவது எளிது. ஆனால் கணக்கு எப்போதும் காற்றோடு ஒத்துப்போவதில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் நீளக் குழாயில் ஆன்டெனா கட்டிப் பார்த்தவர்கள் ஏராளம். கடலுக்கு மேலே வெப்பக் காற்றும் ஈரக் காற்றும் அடுக்கடுக்காக நிற்கும் இரவுகளில் அலை வழக்கமான எல்லையை மீறி வெகுதூரம் வரும் என்பது பாக் நீரிணையின் இரு கரையிலும் தெரிந்த சங்கதி. அது இங்கே வந்தால் நம்முடையதும் அங்கே போகும். ஆகவே இராமேஸ்வரம், தொண்டி போன்ற கரையோரங்களில் தரவுத்தளம் கூடுதல் கண்டிப்போடு இருக்க வேண்டும். இலங்கையின் அலைவரிசைகளும் அதில் ஏற வேண்டும். உள்நாட்டில் அந்த அளவு கெடுபிடி தேவையில்லை. ஊருக்கு ஊர் விதி மாறுவதில் தவறில்லை. மாறாத ஒரே விதிதான் இதுவரை அலைக்கற்றையை வீணாக்கியது.

உரியவருக்குத் தொல்லை தராமல் இருப்பது பாதி வேலை. விருந்தாளிகள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளாமல் இருப்பது மறுபாதி. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஒரே வெளியில் பத்துக் கருவிகள் ஒரே காலி அலைவரிசையைக் கண்டுபிடித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் அதில் பாயும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு கருவி உரியவர் வந்தாரா என்று காது கொடுக்கும்போது பக்கத்துக் கருவி பேசிக்கொண்டிருந்தால், மெல்லிய டி.வி. அலை அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடும். அதனால் 802.22 தரத்தில் மௌன நேரம் என்ற ஏற்பாட்டை வைத்தார்கள். அந்த வட்டாரத்துக் கருவிகள் எல்லாம் ஒத்திசைந்து ஒரே கணத்தில் பேச்சை நிறுத்தும், கேட்கும், பிறகு தொடரும். பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் தங்கள் இருப்பை ஒன்றுக்கொன்று அறிவித்து, அலைவரிசையை நேரம் பிரித்து எடுத்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை இந்தியா 2005-இல் உரிமம் தேவையில்லாத பட்டையாகத் திறந்தது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் அந்தப் பட்டையில் எத்தனை வை-ஃபை பெயர்கள் தெரிகின்றன என்று பாருங்கள். ஒழுங்கில்லாத திறப்பு என்ன ஆகும் என்பதற்கு அது சான்று. திறப்பதோடு ஒழுங்கும் சேர வேண்டும் என்பதே இங்கே வாதம், சும்மா திறந்துவிடுங்கள் என்பதல்ல.

தீங்கு நேர்ந்ததே இல்லையா என்றால், நேர்ந்திருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் ஒரு பகுதி ரேடார்களோடு பகிரப்படுகிறது. அந்தப் பகுதிக்குப் போகும் வை-ஃபை கருவி முதலில் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்; ரேடார் துடிப்பு கேட்டால் 10 விநாடிக்குள் விலகி, அரை மணி நேரம் அந்தப் பக்கம் வரக் கூடாது. 2009-இல் போர்ட்டோ ரிகோவின் சான் ஹுவான் விமான நிலையத்தில் வானிலை ரேடார் திரையில் விளங்காத கோடுகள் தெரிந்தன. தேடிப்போனபோது, இந்தக் கேட்கும் ஏற்பாடு சரியாக இயங்காத, அல்லது அணைத்து வைக்கப்பட்ட வெளிப்புறக் கருவிகள் அகப்பட்டன. தொழில்நுட்பம் தோற்றது என்று இதைச் சொல்ல முடியாது. பூட்டைக் கழற்றி வைத்தார்கள் என்பதே உண்மை. நம் ஊரில் இந்த ஆபத்து அதிகம் என்பதை மறுப்பதற்கில்லை. உரிமமில்லாத செல்போன் பூஸ்டர்களைக் கடைகளிலும் இணையத்திலும் வாங்கி மாட்டி, ஒரு தெருவுக்கே சிக்னலைக் கெடுப்பவர்களைத் தொலைத்தொடர்புத் துறை பல ஆண்டுகளாகத் துரத்திக்கொண்டிருக்கிறது. கல்யாண மேடைகளில் ஒலிக்கும் வயர்லெஸ் மைக்குகளில் பலவும் இதே யு.எச்.எஃப். பட்டையில்தான் பேசுகின்றன, அவற்றின் உரிமத்தை யார் கேட்டார்கள்? ஆனால் இந்த வாதம் எதிர்த்திசையில்தான் போகிறது. பூஸ்டருக்கு எஜமான் இல்லை. தரவுத்தளத்தைக் கேட்காமல் வாய் திறக்காத கருவிக்கு எஜமான் உண்டு. புகார் வந்தால் அந்த இடத்தில் அந்த அலைவரிசையைப் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும், கருவி தானே அடங்கும்.

கண்டிப்பான பகிர்வு நடைமுறையில் நிற்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையின் பெரும்பகுதி கடற்படையின் கப்பல் ரேடார்களுக்கு உரியது. முதலில் கடற்கரையை ஒட்டி ஒரு விலக்கு வளையம் போடலாம் என்றார்கள். அந்த வளையத்துக்குள் நாட்டு மக்களில் பாதிக்கு மேல் அடங்கிவிட்டார்கள். பிறகு கரையோரம் உணரிகளை நிறுத்தி, கப்பல் வரும்போது மட்டும் மற்றவர்களை விலக்கும் ஏற்பாட்டுக்கு 2015-இல் விதி செய்தார்கள். முதலிடம் கடற்படைக்கு, இரண்டாமிடம் பணம் கட்டி முன்னுரிமை பெற்றவர்களுக்கு, மூன்றாமிடம் யாருக்கும். முன்னுரிமைக்கான 2020 ஏலத்தில் அந்நாட்டு அரசுக்குச் சுமார் 458 கோடி டாலர் கிடைத்தது. பகிர்ந்தால் வருவாய் போய்விடும் என்று அஞ்சுபவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இந்தியாவில் வலுவான எதிர்ப்பு செல்போன் நிறுவனங்களிடமிருந்து வந்தது. நாங்கள் ஆயிரக்கணக்கான கோடி கட்டி வாங்கியதை ஒத்த பொருளை மற்றவருக்கு இலவசமாகத் தருவது நியாயமா என்பது அவர்கள் கேள்வி. வெற்று டி.வி. அலைவரிசைகளில் மைக்ரோசாஃப்ட் ஆர்வம் காட்டியபோது அவர்களுடைய சங்கம் இதையே முன்வைத்தது. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் வாங்கியது முதல் உரிமை. எவரும் குறுக்கே வராத, ஆண்டுக் கணக்கிலான உரிமை. இரண்டாம்நிலைப் பயனருக்குக் கிடைப்பது எழுந்திரு என்றால் எழுந்தாக வேண்டிய இடம். இரண்டுக்கும் ஒரே விலை கேட்பது பொருந்தாது. தவிர, 1995 பிப்ரவரியில் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் வான் அலைகள் பொதுச் சொத்து என்றது. பொதுச் சொத்தை விற்கும்போது நல்ல விலைக்கு விற்க வேண்டும் என்று 2012 தீர்ப்பிலிருந்து கற்றோம். விற்காதபோது அதைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. இது நல்ல தொழில்நுட்பம் என்றால் அமெரிக்காவில் ஏன் பெரிதாக வளரவில்லை? தரவுத்தளம் நடத்த வந்த கூகுள்கூடப் பின்னர் விலகிவிட்டது. கருவிகளின் விலை இறங்கவில்லை; விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறின; டி.வி. பட்டையில் ஒரு பகுதியை அங்கே செல்போனுக்கு ஏலம் விட்டுவிட்டதால் மிஞ்சிய வெளியும் சுருங்கியது. உண்மைதான். ஆனால் தோற்றது ஒரு பட்டையின் வணிகம்தான், முறை தோற்கவில்லை. ரேடாரைக் கேட்டு விலகும் வை-ஃபை பெட்டியும் கடற்படைக்கு வழிவிடும் கோபுரமும் அதே முறையின் பிள்ளைகள். இந்தியாவில் இந்த டி.வி. பட்டைக்கு இப்போது புதிய உரிமையாளர் ஒருவரும் வரக்கூடும்: செல்போனுக்கு நேரடியாக டி.வி. ஒளிபரப்பும் டி2எம் திட்டம் 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. வரட்டும். பெருநகரங்களில் கோபுரம் எழுந்து, அது சிவகங்கைச் சீமையின் கடைசிக் குடியிருப்பை எட்டும் வரை அந்த அலைகள் என்ன செய்துகொண்டிருக்கும்? எட்டும் நாளில் தரவுத்தளத்தில் ஒரு வரியை மாற்றினால் இடம் காலியாகிவிடும். இரண்டாம்நிலை உரிமையின் முழு நன்மையும் இதுதான்; எதிர்காலத்துக்கு அது கதவை அடைப்பதில்லை.

சட்டமும் இப்போது குறுக்கே நிற்கவில்லை. தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன் 7-ஆம் பிரிவு, ஒருவருக்கு ஒதுக்கிய அலைக்கற்றையை, அவருக்குத் தீங்கான குறுக்கீடு நேராத வகையில், மற்றவர்களுக்கு இரண்டாம்நிலையில் ஒதுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. காரணமின்றிப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் ஒதுக்கீட்டைத் திரும்பப் பெறவும் அதில் இடம் உண்டு. செயற்கைக்கோள்களுக்கு உரிய 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் கீழ்ப்பகுதியைக் குறைந்த சக்தி வை-ஃபைக்குத் திறக்க 2025 மே மாதம் வரைவு விதி வந்தது. பகிர்வது அரசுக்கு ஒவ்வாத கருத்து அல்ல என்பதற்கு அது போதும். நகரத்து வீட்டுக்குள் வேகம் கூட்ட அந்த விதி உதவும். கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்புக்கு அது எட்டாது. அதற்கு வேண்டியது 470-582 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், ஊரக மாவட்டங்களுக்கு மட்டுமான, தரவுத்தளத்தோடு கூடிய இரண்டாம்நிலை ஒதுக்கீட்டு விதி. கண்ணாடியிழை ஊராட்சி வரை வந்திருக்கும் ஒரு மாவட்டத்தில் தொலைத்தொடர்புத் துறை அதை முதலில் நடத்திப் பார்க்கலாம். அழகப்பா பல்கலைக்கழகமும் அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியும் இருக்கும் சிவகங்கை மாவட்டத்தில் அளந்து சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அலைக்கற்றை குறித்து தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கலந்தாய்வு அறிக்கை வெளியிடும்போதெல்லாம் நிறுவனங்கள் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகின்றன. பொதுமக்களும் ஊராட்சிகளும் அனுப்பலாம், கட்டணம் இல்லை. அடுத்த அறிக்கைக்கு உங்கள் ஊராட்சியின் பெயரிலும் ஒரு கடிதம் போகட்டும்.